பாயசத்தில் கும்பிட்ட கரண்டி

இதைத் தட்டச்சு செய்யப்போகும் பிள்ளையிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜிந்துப்பிட்டியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒன்றாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை அடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அது என் மனைவிக்கே விளங்காமல்தான் ஒருமுறை பருப்பு வாங்கச் சொன்ன துண்டுச் சீட்டுக்கு அவள் செருப்பு வாங்கி வந்தாள்.

கலவை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, நான் கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் இருக்கும் இந்தக் கரண்டிப் பெக்டரியில் சாக்குத் தூக்கவும் மிசினுக்குத் தீனி போடவும் இருந்தவன். ஐம்பத்தைந்து முடிந்ததும் முதுகு போதும் என்றது. நானும் சரி என்றேன். உங்களுக்கு நாலு வார்த்தை கதைக்க வரச் சொல்லி உங்கள் மிஸ் கேட்டார். நான் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு, “சரி அண்ணை, கதைக்க வேண்டாம், எழுதித் தாங்கோ” என்று செய்தி வந்தது.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் “இறக்கம்” என்று சத்தமாகச் சொல்ல வராது. வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவன், வேறு யாராவது மணி அடிப்பார்கள் என்று காத்திருந்து, தெஹிவளையில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மிசினை எப்படி இயக்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. மிசினில் ஒட்டியிருக்கும் தாள் அதைச் சொல்லும். அந்தத் தாளில் இல்லாததைத்தான் சொல்ல வந்தேன்.

சாதாரண பிளாஸ்டிக் கரண்டிக்குத் தடை வந்தபோது எங்கள் முதலாளி சோளத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்குக்கு மாறினார். பார்க்க அழகு, பளபளப்பு, கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி விறைப்பு. ஒரே ஒரு குறை, சூட்டைக் கண்டால் ஆள் மாறிவிடும். முதலாளி பெருமையாக ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்ப் பிளேன்டீ எடுத்து, பத்துப் பேர் பார்க்க எங்கள் கரண்டியால் சீனி கலக்கினார். கரண்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தலையைச் சாய்த்தது. பிறகு கோப்பையின் விளிம்பில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு படுத்தே விட்டது.

“முதலாளி, கரண்டிக்கு நித்திரை வருது போல,” என்றான் தேத்தண்ணி ஊற்றியவன்.

அதற்குப் பிறகுதான் மிஸ்ஸை வேலைக்கு எடுத்தார். மிஸ் இரசாயனம் படித்தவர், கிருலப்பனைப் பிள்ளை. முதல் வேலை. பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் மிஸ்ஸுக்குக் கனடாதான். அங்கே வீட்டார் பார்த்து வைத்த மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். நல்ல பையனாம். ஆனால் மிஸ்ஸுக்கு அந்த மாப்பிள்ளையைவிட எங்கள் மிசினில்தான் விருப்பம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாளே மிஸ், மிசின் ஓட்டும் நானாவையும் என்னையும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; இவர் மாளிகாவத்தையிலிருந்து வருபவர். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பார்.

“நானா, ஒரு கலியாண மண்டபத்தை நினைச்சுப் பாருங்கோ,” என்றார் மிஸ். “பிளாஸ்டிக் எண்டது நீட்டு நீட்டுச் சங்கிலிகள். கையைக் கோத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் மாதிரி. சூடு கூடினா எல்லாரும் அங்கையும் இங்கையும் திரிவினம். அப்ப கரண்டி தொய்யும். சூடு குறையக் குறைய நடை குறையும். ஒரு கட்டத்தில அவரவர் நிண்ட இடத்திலேயே நிண்டிடுவினம். வரிசையா இல்லை, இடிச்சுப் பிடிச்சு, அப்பிடியே. அதுதான் கண்ணாடி நிலை.”

“சன்னல் கண்ணாடியா மிஸ்?”

“அதுவும் அப்பிடித்தான். ஒழுங்கில்லாமல் உறைஞ்சு நிண்டா எல்லாம் கண்ணாடிதான். எங்கட சோளப் பிளாஸ்டிக் கொஞ்சச் சூட்டிலேயே திரியத் தொடங்குது. அந்த இடத்தைக் கொஞ்சம் மேல தூக்கோணும். அதுக்குத்தான் இந்த நனோத் தூள்.”

அந்தத் தூளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணலின் சாதிதான். மணலைக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அரைத்து, அதற்குப் பிறகும் விடாமல் அரைத்தது மாதிரி. தலையணை அளவு பையை ஒரு விரலால் தூக்கலாம். தும்மினால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

“மண்டபத்துக்குள்ள எல்லாருக்கும் விருப்பமான ஒரு பெரியப்பா வாறார் எண்டு வையுங்கோ. அவரைச் சுத்தி நிக்கிறவை நகர மாட்டினம். அவையின்ர கையைப் பிடிச்சவையும் நகர ஏலாது. அப்பிடிப்பட்ட பெரியப்பாமார் மண்டபம் முழுக்கப் பரவி நிண்டா, சூடு கொஞ்சம் கூடினாலும் சனம் அசையாது. கரண்டியும் நிமிர்ந்து நிக்கும்.”

“ஒருத்தருக்கும் புடிக்காத ஆள் வந்தா?”

“எல்லாரும் விலகி நடப்பினம். நடக்கிறதுக்கு இன்னும் இடம் வரும். கரண்டி முந்தியைவிடக் கெதியாத் தொய்யும்.”

“அப்ப என்ட மச்சினனைப் போட்டுடாதீங்க,” என்றார் நானா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, உங்கட பெரியப்பாமார் எல்லாரும் ஒரே மூலையில கூடி அரசியல் பேசினா?” என்றார்.

மிஸ் சிரிக்கவில்லை. “அதுதான் நானா உண்மையான பிரச்சினை. தூளுக்குத் தூளோடதான் சிநேகம் கூட. கட்டி கட்டியாச் சேர்ந்திடும். அப்ப மண்டபத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. கூடப் போட்டா இன்னும் கட்டி. அவையைப் பிரிச்சுச் சனத்துக்குள்ள விடுறதுதான் எங்கட வேலை.”

பிள்ளைகளே, அந்த அறையில் நீங்கள் செய்யும் வேலை முழுவதும் இதுதான். பெரியப்பாமாரைப் பிரித்து விடுவது.

ஒருமுறை தூள் விற்பவர் வேறு சாதித் தூளை அனுப்பிவிட்டார். வெள்ளை அதே வெள்ளை. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு பூச்சு. சங்கிலிகளுக்கு அதைப் பிடிக்காது. மிஸ் அன்று லீவு. முதலாளி பையைத் திறந்து பார்த்து, “வெள்ளையாத்தானே இருக்கு, போடுங்கப்பா” என்றார். போட்டோம். அந்தக் கரண்டிகள் லொறியில் ஏறி வெயிலோடு ஹெந்தளைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கரண்டிகள் இல்லை. எல்லாம் கட்டிப்பிடித்து ஒரே கரண்டியாக இருந்தன. நானா அந்தக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “மச்சினன் வந்துட்டான்” என்றார். அன்றிலிருந்து எங்கள் பெக்டரியில் பூசிய தூளுக்கு மச்சினன் என்றும் பூசாத தூளுக்குப் பெரியப்பா என்றும் பெயர். சாக்குகளில் அப்படி எழுதியிருப்பது ஏன் என்று இனி யாரையும் கேட்க வேண்டாம்.

இது சின்னக் கதை. பெரிய கதை முதலாளியின் மகளுடைய கலியாணம்.

மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தை. படித்த குடும்பம். சம்பந்தம் பேசப் போன இடத்தில் “சோளத்தில கரண்டியோ?” என்று யாரோ சிரித்துவிட்டார்கள். அது முதலாளிக்குத் தைத்துவிட்டது. கலியாணத்தில் எல்லோருக்கும் ஆவி பறக்கப் பாயசம், அதற்கு எங்கள் கரண்டி என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, நிக்குமா?”

“நிக்கும் முதலாளி. ஆனா தூள் நல்லாப் பரவோணும். கலவையை மிசினுக்குள்ளால ரெண்டு தரம் விடோணும்.”

“நின்னா உங்க வேலை நிரந்தரம். வளைஞ்சா, மறுநாள் நீங்க வர வேணாம்.”

மிஸ் தலையாட்டினார். அவருடைய முகத்தில் கனடாக் குளிர் தெரிந்தது.

கரண்டி போடும் நாள் சனிக்கிழமை. முதலாளி விடியவே சாமிப்படத்தோடு வந்தார். மகளின் கலியாணக் கரண்டி, முதல் கரண்டி ராகு காலத்துக்கு முன்னே விழ வேண்டும் என்றார். சனிக்கிழமை ராகு காலம் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடும். மிசின் சூடேறவே நேரம் போய்விட்டது. ஒரு தரம் விட்டு முடிந்தபோது முதலாளி கையில் சூடம், கண் மணிக்கூட்டில்.

“முதலாளி, இன்னொரு தரம் விடோணும்,” என்றார் மிஸ்.

“ராகு காலம் வருதும்மா!”

“தூள் பரவியிருக்காது.”

“சூடம் கொளுத்தியாச்சு!”

கொளுத்திய சூடத்துக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? நானா மிசினைக் கரண்டி வார்க்கும் வேலைக்குத் திருப்பினார். முதல் கரண்டி விழுந்தது. மிஸ் அதைச் சுடுதண்ணீரில் விட்டார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். நின்றது! முதலாளி அந்தக் கரண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். நாங்கள் கை தட்டினோம். ஒரு கரண்டி நின்றதும் எல்லாக் கரண்டியும் நிற்கும் என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. ஒரு சோற்றைப் பார்த்தால் பானை முழுவதும் தெரியும்தான். ஆனால் சோற்றுப் பானையைக் கிளறியிருக்க வேண்டுமே.

கலியாண நாள் பெக்டரி ஆட்கள் எல்லோரும் வேட்டியோடு வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போய்ப் பரிமாற நின்றோம். நானா சமையற்கட்டுப் பக்கம். தாலி கட்டி முடிந்தது. மேசைகளில் சின்னக் கோப்பைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கரண்டி. பாயசத்தை ஊற்றிக்கொண்டு போனார்கள். உண்மையிலேயே ஆவி பறந்தது. முதலாளி மேடையடியில் சம்பந்திக்குப் பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போது மிஸ் என் தோளில் தட்டினார். பட்டுச் சேலை, கையில் பாயசக் கோப்பை, அதற்குள் மூன்று கரண்டி. ஒன்று நிமிர்ந்து நின்றது. ஒன்று சாய்ந்திருந்தது. மூன்றாவது கோப்பைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணை, பெரியப்பாமார் மூலையில கூடிட்டினம்,” என்றார். “பாதிக் கரண்டி நிக்குது, பாதி நிக்குதில்லை. எது எது எண்டு பார்த்துச் சொல்லவும் ஏலாது.”

“கரண்டியை எல்லாம் பொறுக்கிருவமா?” என்றார் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த நானா.

“முதலாளி பாத்துக்கொண்டு நிக்கிறார். பாயசம் கொஞ்சம் ஆறினாப் போதும் நானா. ஒரு சில பாகை இறங்கினா எல்லாக் கரண்டியும் கண்ணாடி நிலைக்குள்ள நிண்டிடும். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கரண்டியைத் தொடாமல் இருந்தாக் காணும்.”

யாராவது பேசி நேரத்தைக் கடத்தலாம் என்று நானா மேடை மைக்கைப் பார்த்தார். ஆனால் போன வருசக் கடைசி விருந்தில் அதே முதலாளி முன்னால் முதலாளி மாதிரியே நடந்து காட்டியதிலிருந்து அவருக்கு மைக் தடை. மிஸ் போனால் முதலாளிக்குச் சந்தேகம் வரும். மிச்சம் நான்.

நான் ஏன் நடந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கால் தானாகப் போனது. மைக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். வாழ்த்துச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஒரு சொல் வரவில்லை. மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். என் தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத்தில் காலையில் பாடும் தேவாரம். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடினேன்.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் தேவாரம் தேவாரம்தான். கதிரைகள் பின்னால் தள்ளுப்படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்கிறார்கள். கரண்டிகள் எல்லாம் மேசையில். கைகூப்பியவன் எப்படிப் பாயசம் குடிப்பான்?

ஒன்று முடிந்தது. சனம் உட்காரப் பார்த்தது. அடுத்ததைத் தொடங்கினேன். மறுபடி எழுந்தார்கள். மூன்றாவதில் பாதி வழியில் வரி மறந்துபோனது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவ்வளவுதான். அந்த அம்மாவின் கை மெல்லக் கரண்டியை நோக்கிப் போனது. கதவடியில் மிஸ் தலையை ஆட்டினார், இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, நான் விட்ட வரியிலிருந்து எடுத்தார். நல்ல கணீர்க் குரல். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் அப்படியொரு மரியாதையாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விட்ட வரியை முடித்தார். அடுத்த பாட்டுக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும் போனார். பதிகத்தை முழுதாகப் பாடாமல் விடும் ஆள் அவர் இல்லை.

ஒருவர் அசையவில்லை. உட்காரப் போன கிழவர் பாதி உட்கார்ந்தபடி நின்றார். தண்ணீர் எடுத்துப் போன பையன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். முதலாளி கைகூப்பியபடி என்னை முறைத்தார், ஆனால் அவராலும் அசைய முடியவில்லை. வரிசையாக இல்லை, இடித்துப் பிடித்து, அவரவர் நின்ற இடத்திலேயே. பக்கத்தில் ரயில் போன சத்தத்துக்குக்கூட யாரும் திரும்பவில்லை.

சமையற்கட்டுக் கதவில் நானாவின் தலை தெரிந்தது. மெதுவாகச் சொன்னார்: “மிஸ், மண்டபம் கண்ணாடியாயிட்டுது.”

மிஸ் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். ஆறிவிட்டது. போதும். ஆனால் பெரியப்பாவிடம் யார் சொல்வது? அவர் முடித்தபோது பாயசத்தின் மேல் ஆடை படிந்திருந்தது. சனம் பசியோடு உட்கார்ந்து குடித்தது. எல்லாக் கரண்டியும் நின்றது. ஒன்றுகூட வளையவில்லை.

“கரண்டி நல்லாத்தான் கிடக்கு,” என்றார் அந்த அம்மா. “பாயசம்தான் பச்சைத்தண்ணி.”

அதோடு முடிந்திருக்கும். முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டி வென்றதை யாரும் கவனிக்கவில்லையே என்று அவருக்கு. “நமக்குச் சுடச்சுடக் கொண்டாங்கப்பா, சம்பந்தி பாக்கட்டும்!” என்றார். யாரோ அண்டாவின் அடியிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை கொண்டுவந்தார்கள். முதலாளி பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கரண்டியை எடுத்து, சம்பந்திக்கும் பெரியப்பாவுக்கும் முன்னால் பாயசத்தில் நட்டார்.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

கரண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல, மிக மரியாதையாக, பெரியப்பா இருந்த பக்கமாகத் தலையைக் குனிந்தது. குனிந்து குனிந்து நெற்றி கோப்பை விளிம்பில் பட்டது.

பெரியப்பா குனிந்து கரண்டியை உற்றுப் பார்த்தார்.

“தேவாரம் கேட்ட கரண்டியெல்லோ,” என்றார். “கும்பிடுது, பாருங்கோ!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சம்பந்தி முதலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா தன் பேரப்பிள்ளைக்கும் ஒரு சூட்டுப் பாயசம் கேட்டு, கரண்டி கும்பிடுவதைக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். சோளக் கரண்டியைப் பார்த்துச் சிரித்த குடும்பம் மறுபடி சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பில் முதலாளியும் உள்ளே இருந்தார்.

இருந்தாலும் அவர் முதலாளி. சனம் கலைந்ததும் மிஸ்ஸைக் கூப்பிட்டார். நானும் நானாவும் கொஞ்சம் தள்ளி வாழையிலை பொறுக்குவது மாதிரி நின்றோம்.

“என்னம்மா இது?”

தூள் சரியில்லை, சூடு கூடிவிட்டது, அண்டாவில் பிழை, எதையாவது சொல்லியிருக்கலாம். நான் மனதுக்குள் அவருக்காக நாலைந்து பொய் தயாராக வைத்திருந்தேன். மிஸ் எதையும் எடுக்கவில்லை.

“ஒரு தரம்தான் கலந்தது முதலாளி. தூள் கட்டியா நிண்டிட்டுது. பாதிக் கரண்டி அப்பிடித்தான். அது தெரிஞ்சுதான் பாயசத்தை ஆற வைச்சனாங்கள். அண்ணை பாடினது அதுக்குத்தான்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாழையிலையைப் பார்த்தேன்.

“ரெண்டு தரம் விடணும்னு அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னாங்க முதலாளி,” என்றார் நானா, இலையைக் கீழே போட்டுவிட்டு. “ரெண்டு தரம் சொன்னாங்க. நீங்க சூடத்தோட இருந்தீங்க.”

முதலாளி மீசையைத் தடவினார். கடைசியில், “ஏம்மா, ராகு காலத்துக்கு முன்னாடின்னு ஏன் ஓடினோம்? அது முடிஞ்ச பிறகு ஆறுதலா ஆரம்பிச்சிருக்கலாமே?” என்றார், அது ஏதோ எங்கள் யோசனையில் வராத விசயம் மாதிரி.

“ஆரம்பிச்சிருக்கலாம் முதலாளி.”

“அப்ப திங்கட்கிழமை வந்து அதை எழுதி மிசின்ல ஒட்டுங்க.” போகத் திரும்பியவர் நின்றார். “நிரந்தரக் கடிதத்தையும் நீங்களே டைப் பண்ணிருங்க. எனக்கு அந்தக் கம்பியூட்டர் பழக்கமில்லை.”

மிஸ் அங்கேயே நின்று அழுதார். நானா கையில் அகப்பட்ட வாழையிலையை நீட்டினார், கண்ணைத் துடைக்க.

பிள்ளைகளே, மிசினில் ஒட்டிய தாளில் கடைசி வரியாக “ராகு காலம் முடிந்த பின் தொடங்கவும், இரு தரம் விடவும்” என்று இருப்பது இப்படி வந்ததுதான். இரசாயனம் படித்துவிட்டு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். சிரியுங்கள், ஆனால் அதன்படி செய்யுங்கள். எங்களால் அன்று பாயசத்தைத்தான் ஆற வைக்க முடிந்தது. கரண்டியைத் திருத்த முடியவில்லை. யாராவது சூடான கோப்பையோடு வரத்தான் செய்வார்கள். வரும்போது மிஸ் சொன்னது மாதிரி உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரு பெரியப்பா இருக்க மாட்டார்.

கனடா மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிவிட்டார். மிஸ் இப்போது உங்களுக்கு மனேஜர். நான் இப்போதும் தெஹிவளை வரை போய்த்தான் திரும்புகிறேன்.

இதை எழுதச் சொல்லிப் பல மாதம். இன்று காலை கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன், மணியைப் பார்த்தேன், மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். பிறகு ஆறுதலாகத் தொடங்கி, ஒரு தரம் எழுதி, இன்னொரு தரமும் எழுதினேன்.

கொட்டாஞ்சேனை,
2025 ஆவணி 22, வெள்ளிக்கிழமை,
ராகு காலம் முடிந்த பின்.